தெரியாதென்றால் பூஜ்யம்

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எங்கேயம்மா" என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ போகிற போக்கில் அவளிடம் மணி கேட்டிருக்கிறார்கள். அவள் நிமிர்ந்து பார்த்து, "எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். கேலியாக இல்லை, எந்த ஊர் மணி வேண்டும் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் பதினோரு வருஷமாகப் போகவில்லை.

அவளுடைய வேலை அப்படி. எங்கள் நிறுவனத்திடம் ஒரு லைப்ரரி இருக்கிறது. புத்தகங்கள் அடுக்கிய இடமல்ல. மற்றவர்கள் எடுத்துத் தங்கள் ப்ரோகிராமில் பொருத்திக்கொள்வதற்காக நாங்கள் எழுதிவைத்த ஆயத்தத் துண்டு. கணினிகள் உள்ளுக்குள் உலகம் முழுமைக்கும் ஒரே பொது மணியை வைத்துக்கொள்கின்றன. ஒருவருக்கு மணி காட்டும்போது அவர் ஊருக்குத் தக்கபடி சில மணி நேரத்தைக் கூட்டியோ கழித்தோ காட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்று சொல்வதுதான் அந்த லைப்ரரி. உலகத்தில் எத்தனை ப்ரோகிராம்களுக்குள் அது போய் உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது.

அதை அந்தந்தக் கணினியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வகைக் கணினி கேட்டவுடன் சொல்லிவிடும். இன்னொரு வகையும் சொல்லும், ஆனால் ஊர்ப் பெயர்களைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும். மூன்றாவது வகையில்தான் வில்லங்கம். நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதே ப்ரோகிராமின் வேறொரு பகுதி அந்தப் பதிலை மாற்றிக்கொண்டிருக்கலாம். பாதி பழையது, பாதி புதியது என்று படித்து ப்ரோகிராம் மொத்தமாகக் குப்புற விழும். விழாவிட்டால் தப்பான மணியைச் சத்தமில்லாமல் சொல்லும். விழுவதே மேல் என்பாள் எங்கேயம்மா.

அதனால் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். பத்திரமாகக் கேட்க முடிந்தால் மணி சொல். முடியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லிவிடு. லைப்ரரி "தெரியாது" என்றால் அதைப் பயன்படுத்தும் ப்ரோகிராம், திரையில் ஒரு பெட்டியைக் காட்டும்: "உங்கள் ஊர் நேரம் தெரியவில்லை. ஊரைத் தேர்ந்தெடுங்கள்." ஒரு விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான். அந்த ஒரு தட்டுக்காக உலகம் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டது.

எங்கள் புகார்ப் பக்கத்தைத் திறந்தால் அவளுக்குத்தான் அர்ச்சனை. "மணி சொல்லத் துப்பில்லாத லைப்ரரி." "இதை எழுதியவளுக்குக் கடிகாரம் பார்க்க யாராவது கற்றுக்கொடுங்கள்." முகம் தெரியாத ஆட்கள், காசு கொடுக்காமல் எடுத்துப் போனவர்கள், வீட்டில் வாயைத் திறக்க முடியாதவர்கள் எல்லாரும் அங்கே வந்து வீரம் காட்டினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதினாள். அவளுடைய மரியாதை எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் பக்கத்து மேஜை. அவள் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டாவது ஒப்புதல் தருகிற ஆள். அதாவது, அவள் எழுதியதைப் படித்துப் பார்த்து, சரி என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டியவன். இந்தக் கதையில் என் உத்தியோகம் அந்தப் பொத்தான்தான்.

வீட்டில் அவளோடு இருந்தது அண்ணன் மகள், ஏழு வயது. அண்ணி இறந்து இரண்டு வருஷம். அண்ணன் கடல் தாண்டி மேற்கே ஓர் ஊரில் மீன் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அவன் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஐந்து மணி நேரம் வித்தியாசம். குழந்தைக்கு அப்பா ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தான்: இங்கே என்ன மணியோ அதிலிருந்து ஒரு கை விரல்களை மடக்கு, அப்பா மணி வந்துவிடும். குழந்தை சாப்பிடும்போதுகூட இடது கையை மடக்கிக்கொண்டிருக்கும்.

எங்கேயம்மாவுக்கு இந்த விரல் கணக்கு பிடிக்காது. "என்னக் கேக்காத கண்ணு, விரலையும் கேக்காத. திரையில பாத்துக்க" என்பாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய வருஷம் குழந்தை பள்ளி மேடையில் ஆடியபோது, அண்ணனுக்கு மனக்கணக்காக நேரம் சொன்னவள் அவள்தான். அவன் ஊரில் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். அதை மறந்துவிட்டாள். அவன் ஆசையாகக் கூப்பிட்டபோது ஆட்டம் முடிந்து திரை இறங்கியிருந்தது. மணிக்காரியே மணியில் கோட்டை விட்டாள் என்று அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து யாருக்கும் அவள் வாயால் மணி சொன்னதில்லை.

அந்தக் குழந்தையைக் கேட்டுத்தான் வழக்கு வந்தது. கேட்டது குழந்தையின் பெரியம்மா, அண்ணியின் கூடப்பிறந்த அக்கா. அவள் கிழக்கே வெகு தூரத்தில் இருந்தாள். கெட்டவள் இல்லை. "அப்பன் கடலுக்கு அந்தப் பக்கம், அத்தை கணினிக்குள்ள. புள்ளைய யாரு பாக்குறது?" என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பன் நேரில் வர முடியாவிட்டால் காணொளியில் வந்து, குழந்தை என் தங்கையிடமே இருக்கட்டும், ஆறு மாதத்தில் நான் திரும்பிவிடுவேன் என்று தன் வாயால் சொன்னால் போதும் என்றார் குடும்ப நீதிமன்ற நீதிபதி. முதல் தவணையில் அவன் பக்கம் இணைப்பே கிடைக்கவில்லை. இரண்டாவது தவணையிலும் வராவிட்டால் குழந்தையைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மேலாளருக்குப் பொறுமை போனது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமாளிப்பு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர், அரசு அலுவலகங்களுக்குத் தேதி நேரம் குறித்துக்கொடுக்கிற ப்ரோகிராம் செய்கிறவர், அந்தப் பெட்டியை எடுக்காவிட்டால் வேறு லைப்ரரிக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தார். சமாளிப்பு எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"மேடம், தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு லைப்ரரி? தெரியலன்னா பூஜ்யம்னு வெச்சுக்கங்க. கூட்டவும் வேணாம், கழிக்கவும் வேணாம். பொது மணிய அப்படியே காட்டிருங்க."

"அது தப்பான மணி சார்."

"பக்கத்துல இருக்குமில்ல?"

எங்கேயம்மா எழுந்து போய்ச் சுவர்ப் பலகையில் ஒரு கோடு போட்டாள். "கிழக்க இருக்கிறவனுக்கு இது உண்மையான நேரத்துக்கு முன்னாடி காட்டும். அவன் சீக்கிரம் வருவான், உக்காந்திருப்பான், திட்டுவான். பரவாயில்ல. மேற்க இருக்கிறவனுக்குப் பின்னாடி காட்டும். அவன் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

சமாளிப்பு தன் கைபேசியில் எதையோ பார்த்தார். "நம்ம ஆளுங்கள்ல மேற்க எத்தன பேரு? நூத்துக்கு நாலு. அதுலயும் இந்தப் பெட்டி வர்ற ஆளு எத்தன பேரு? மேடம், அந்த நாலு பேருக்காக மீதி தொண்ணூத்தாறு பேரையும் அழவிட முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் பக்கத்து மேஜை. "தற்காலிகமா வெச்சுப் பாக்கலாம்" என்றேன். தற்காலிகம் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்குக் கோயில் கட்டலாம். என்னைப் போன்ற முதுகெலும்பில்லாதவர்கள் பாதிப் பேர் அதற்குள்தான் குடியிருக்கிறோம்.

அவள் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு செய்தாள். வழக்கு நடக்கிறபோது வேலை போனால் குழந்தையை வைத்துக்கொள்ள வக்கில்லாதவள் என்று எதிர்த் தரப்பு சொல்லும் என்று அவளுடைய வக்கீல் எச்சரித்திருந்தார். குழந்தையைக் காப்பாற்றத்தான் அந்தப் பூஜ்யத்தைப் போட்டாள். மாற்றத்துக்கு மேலே ஒரே வரி விளக்கம் எழுதியிருந்தாள்: "தெரியாதென்றால் பூஜ்யம்." நான் பொத்தானை அமுக்கினேன். படித்துப் பார்க்கக்கூட இல்லை.

மூன்று வாரத்தில் அந்தப் புகார் அடியோடு நின்றது. சமாளிப்பு கேக் வெட்டி, அவள் கையில் ஒரு பாராட்டுச் சான்றிதழைக் கொடுத்து, படம் எடுத்தார். படத்தில் அவள் சிரிக்கத்தான் செய்கிறாள். அன்று அவளுக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும், திட்டு நின்றதே என்று. அவளும் மனுஷிதானே.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். நானும் அந்த மேஜையில்தான் இருந்தேன். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நீதிமன்றம் காகிதம் அனுப்புவதில்லை; ஒரு ப்ரோகிராமில்தான் அறிவிப்பு வரும். காணொளியும் அதே ப்ரோகிராமில்தான். அதை அவன் தங்கியிருந்த தொழிலாளர் விடுதியின் பொதுக் கணினியில் பார்த்திருக்கிறான்.

"நேரமெல்லாம் வந்துருச்சும்மா. அரை நாள் லீவு கேட்டு வாங்கிட்டேன். கூட இருக்கிறவன் ஒரு நல்ல சட்டையும் குடுத்திருக்கான். ஒண்ணுதான்... நான் விரல்ல எண்ணுனா ஒரு மணி வருது, திரையில வேற மணி காட்டுது."

"விரல விடுண்ணா. இது உங்க ஊர்ல மணி மாத்துற மாசம். கணக்கு முன்னப்பின்ன வரும். போன தடவ என் வாய நம்பித்தான் டான்ஸ கோட்டை விட்ட. திரையில என்ன போட்டிருக்கோ அதுதான்."

"சரி, நீ சொன்னா சரி."

"நான் சொல்லல. திரை சொல்லுது."

திரையில் என்ன மணி என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மணி மாற்றம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஒரு பூக்காரியோ பஸ் ஓட்டுநரோ அந்த மேஜையில் இருந்திருந்தால், "எத்தனை மணின்னு காட்டுது?" என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் விஷயம் தெரிந்தவர்கள். அதனால் கேட்கவில்லை.

விசாரணை எங்கள் ஊர் நேரம் மூன்று மணிக்கு. வேலை, நடத்தை பற்றிச் சாட்சி சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். சின்ன அறை. நீதிபதிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை, அதில் அண்ணன் வர வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. பெரியம்மா முன் வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வெளியே ஒரு பெண் ஊழியரோடு வரைந்துகொண்டிருந்தது.

மூன்று மணி. மூன்று ஐந்து. எங்கேயம்மா கைபேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள். குளிர்கிடங்கில் கைபேசியை உள்ளே விடமாட்டார்கள். இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவள் பதினான்கு முறை கூப்பிட்டாள். பதினான்கு முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. உள்ளே நீதிபதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாராளமாகப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு, "ஒரு அப்பாவுக்கு ரெண்டு தடவ வாய்ப்பு குடுத்தாச்சு" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். சாட்சி சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான்கு ஐந்துக்கு அவளுடைய கைபேசி அடித்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் குரல் உற்சாகமாக இருந்தது.

"என்ன இத்தன தடவ கூப்பிட்டிருக்க? பயந்துட்டியா? இப்பத்தான் கிடங்கை விட்டு வெளிய வந்தேன். சட்டையும் மாத்தியாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே."

"அந்த அறிவிப்ப வாசிண்ணா" என்றாள்.

"அச்சடிச்சுப் பையில வெச்சிருக்கேன், இரு. காணொளி விசாரணை. பிற்பகல் ஒரு மணி. அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கான், உங்கள் ஊர் நேரம்னு."

எங்கள் ஊர் மூன்று மணி என்றால் அவன் ஊரில் காலை பத்து மணி. பொது மணிக்குத்தான் பிற்பகல் ஒன்று. கூட்டாமல், கழிக்காமல், பூஜ்யம் போட்டு அப்படியே காட்டியிருக்கிறது. நீதிமன்றத்தின் ப்ரோகிராம் எங்கள் அந்தப் பெரிய வாடிக்கையாளர் செய்தது; விடுதியின் அந்தக் கணினி மூன்றாவது வகை. சமாளிப்பு சொன்ன நூற்றுக்கு நாலு பேரில் ஒருவன் தொலைபேசியின் மறுமுனையில், இரவல் சட்டையில் நின்றுகொண்டிருந்தான். எங்கேயம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

"முடிஞ்சு போச்சுண்ணா" என்றாள்.

அவன் கோபமே இல்லாமல் சொன்னான். "விரல்ல எண்ணுனப்போ எனக்குப் பத்துதான் வந்துச்சு. நீதான் விரல விடுன்னே."

தீர்ப்பை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மனு போட முடியும் என்றார் வக்கீல். ப்ரோகிராம் தப்பான நேரம் காட்டியது என்று அதற்குப் பொறுப்பானவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவள் கேட்டது ஒரே ஒரு கடிதம். சமாளிப்பு, எங்கள் நிறுவனத்தின் வக்கீலைக் கேட்டார். வக்கீல் பதிவுகளைப் பார்த்தார். பதிவில் மாற்றத்தைச் செய்தவர் என்று அவள் பெயர், ஒப்புக்கொண்டவர் என்று என் பெயர். "நாம சொல்லிச் செஞ்சதுன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா?" என்று சமாளிப்பு கேட்டார். எங்கும் இல்லை. கண்ணாடி அறையில் பேசியது கண்ணாடி அறையோடு போயிற்று. அவள் போட்ட கோட்டைக்கூடத் துடைத்துவிட்டார்கள்.

"நீங்க எழுதிக் குடுத்துருங்க" என்றார் சமாளிப்பு என்னிடம். "பொய் எழுத வேணாம். உண்மைய மட்டும் எழுதுங்க."

எழுதினேன். "எங்கள் லைப்ரரி வடிவமைத்தபடியே இயங்கியது." ஒரு எழுத்து பொய்யில்லை. அதைப் படித்துவிட்டு நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். அண்ணனால் எண்ணிச் சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ள முடிந்திருக்கிறது என்பதையும் குறிப்பிட்டார். அதை அவன் வெகுளியாகத் தன் மனுவிலேயே எழுதியிருந்தான்.

அவள் வேலையை விடவில்லை. மறுநாளும் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தாள். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூஜ்யத்தை எடுத்துவிட்டுப் பழையபடி "தெரியாது" என்று மாற்றி எழுதி, ஒப்புதலுக்கு என் மேஜைக்கு அனுப்பினாள். அது ஏழு மாதமாக என்னிடமே கிடக்கிறது. சமாளிப்பு பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறார். நானும் பொறுத்திருக்கிறேன்.

குழந்தையைக் கூட்டிப்போகப் பெரியம்மா வந்த அன்று என்னைக் கூப்பிட்டது எங்கேயம்மாதான். பெட்டி கனம், ஒரு கை பிடிக்க முடியுமா என்று கேட்டாள். அவளுக்கு உதவி கேட்க வேறு ஆள் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. குழந்தையின் துணிகளைச் சதுரம் சதுரமாக மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பள்ளி விடுகிற நேரம், பல் மருத்துவர் நேரம் எல்லாம் சின்னச் சின்னச் சீட்டுகளாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு மணிக்குப் பக்கத்திலும், எங்கள் ஊரைத் தாண்டாத குழந்தைக்கு, எங்கள் ஊர் நேரம் என்று குறித்து வைத்திருந்தாள். அவற்றை அவள் கிழிக்கவில்லை.

பெரியம்மா வாசலில் நின்று, "விமானத்துக்கு நேரமாச்சு" என்றாள். பிறகு, சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், "எப்ப வேணா வந்து பாரு" என்றாள். அது ஒரு நாள் பயணம் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

குழந்தை காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டது. கண்ணாடியை இறக்கி, "அத்தை, இப்ப அப்பா ஊர்ல மணிய மாத்திட்டாங்க. ஒரு கை பத்தாது. ஒரு கையும் இன்னொரு விரலும்" என்றது.

"ஆமா" என்றாள் அவள்.

"பெரியம்மா வீட்டுலேர்ந்து எண்ணுனா?"

எங்கேயம்மா பழக்க தோஷத்தில் கைபேசியை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். எனக்கு விடை தெரியும், அவளுக்கும் தெரியும். உலகத்துக்கே மணி சொன்ன இரண்டு பேர் அந்தக் காரின் பக்கத்தில் நின்றோம்.

குழந்தை தானே மடக்க ஆரம்பித்தது. "பெரியம்மா வீடு நம்மள விட மூணு முன்னாடி. ஆறும் மூணும்..." இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டியது. ஒன்பது விரல்கள் மடங்கியிருந்தன. ஒரு கட்டைவிரல் மட்டும் நின்றது. "ஒம்போது. சரியா அத்தை? திரையில பாத்துச் சொல்லு."

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த மடங்கிய கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "திரைய விடு கண்ணு" என்றாள். "நீ எண்ணுனதுதான் சரி."